பெயர் சொல்லாத கிணறு

நருமதை ஆற்றங்கரை நகரம் ஒன்றில் அமைந்த மத்தியப் பள்ளியில், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் கடைசி மணி அடித்த பின்னரும் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியும். விருப்பப் பாடமாகத் தமிழ் பயிலும் பதினொரு பிள்ளைகள் அங்கே அமர்ந்திருப்பார்கள். அனைவரும் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். ஒருவனுடைய தந்தைக்கு இரயில்வேயில் வேலை. இன்னொருத்தியின் தந்தைக்கு வங்கியில். மற்றொருவனின் தாய் இராணுவ மருத்துவமனையில் செவிலியர். வீட்டில் தமிழ் பேசுவார்கள். விளையாட்டுத் திடலில் இந்தி, தேர்வுத்தாளில் ஆங்கிலம். தமிழை எழுதுவது அந்த ஓர் அறையில் மட்டுமே.

ஓராண்டுக் காலம் அவர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். மாதம் ஒருமுறை வெள்ளைத்தாளில் எழுதி, ஓரங்களில் கோலம் வரைந்து, தாழ்வாரத்துப் பலகையில் குத்தி வைப்பார்கள். பிற வகுப்பு மாணவர்கள் நின்று பார்ப்பதுண்டு. ‘ஜிலேபி எழுத்து’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதும் உண்டு. ஒருவராவது படித்தார் என்று சொல்ல வழியில்லை. எழுதியவர்களே எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டார்கள். படிக்கத் தெரிந்த தாத்தாக்களும் பாட்டிகளும் ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருந்தார்கள்.

எனவே வகுப்புக்கென ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்று தமிழாசிரியை சொன்னபோது பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். பள்ளி முதல்வர் ஆர்ப்பரிக்கவில்லை. “அதை யார் யார் பார்க்க முடியும்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். அதற்கு விடை சொல்லப் பதினைந்து நாள் ஆயிற்று.

பொதுவான வலைப்பூச் சேவைகள் பலவற்றில் பதின்மூன்று வயது நிறையாதவர்கள் கணக்குத் தொடங்க இயலாது. அங்கே எழுதுவதை உலகில் யாரும் படிக்கலாம். வகுப்பறைக்கென்று உருவாக்கப்பட்ட கருவிகள் வேறு வகையின. ஆஸ்திரேலியாவில் 2005-இல் தொடங்கப்பட்ட எடுபிளாக்ஸ் அவற்றுள் பழையது. இத்தகைய கருவிகளில் மாணவர் எழுதி முடித்ததும் கட்டுரை வெளிவந்துவிடாது. முதலில் ஆசிரியரின் பார்வைக்குப் போய் நிற்கும். வாசகர் அனுப்பும் பின்னூட்டமும் அவ்வாறே நிற்கும். கடவுச்சொல் அறிந்தவர்கள் மட்டுமே படிக்கும்படி பூட்டலாம். தேடுபொறிகளின் கண்ணில் படாமல் மறைக்கலாம். மாணவருக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி இல்லாமலேயே கணக்கு அமைத்துத் தரவும் இயலும். ஆயினும் பூட்டு நல்ல பூட்டாயிருந்தால் மட்டும் போதாது என்பதைப் பின்னர் அந்த வகுப்பே கண்டுகொண்டது.

அடுத்துப் பெற்றோரின் ஒப்புதல். 2023-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பதினொரு வீடுகளுக்கும் தமிழிலேயே கடிதம் சென்றது. பத்துக் கையெழுத்துகள் திரும்பி வந்தன. ஒரு தந்தை மறுத்துவிட்டார், காரணமும் சொல்லவில்லை. அவரை யாரும் வற்புறுத்தவில்லை. அவருடைய மகன் எதையும் எழுதாமல், மற்றப் பத்துப் பேரின் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். லகர, ளகர, ழகர வேறுபாட்டில் அவன் காட்டிய கண்டிப்பைக் கண்டு, ஆசிரியையை விட அவனுக்கே பிள்ளைகள் மிகுதியாக அஞ்சினார்கள்.

கணினியில் தமிழ்த் தட்டச்சுப் பழகியது தனிக்கதை. தமிழ்99 விசைப்பலகையின் படத்தை அட்டையில் ஒட்டி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஒருவன் மட்டும் அதுவரை தன் தமிழைத் தேவநாகரி எழுத்தில் எழுதி வைத்துப் பார்த்து எழுதும் வழக்கமுடையவன். ‘க’ என்னும் ஓர் எழுத்து மூன்று நான்கு ஒலிகளை ஏற்று நிற்பதை அவன் நெடுநாள் மன்னிக்கவேயில்லை.

எல்லாவற்றிலும் சுவையாக அமைந்தது பெயர் சூட்டிக்கொண்ட நாள். சொந்தப் பெயரில் எழுதுவதில்லை என்பது முதல் விதி. அப்படியானால் எந்தப் பெயரில்? ஆசிரியை குறுந்தொகையை எடுத்து வந்தார். அந்நூலின் பாடல்கள் சிலவற்றைப் பாடிய புலவர்களின் இயற்பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் ஒளிரும் ஒரு தொடரையே முன்னோர் அவர்களுக்குப் பெயராக்கிவிட்டனர். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமை சொன்னவர் செம்புலப் பெயனீரார். மக்கள் நீங்கிய வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைக் காட்டியவர் அணிலாடு முன்றிலார். ஒற்றை ஏர் வைத்திருக்கும் உழவனின் பதற்றத்தைச் சொன்னவர் ஓரேருழவனார். அவர்கள் எந்த ஊரினர், யார் மக்கள் என்று எவருக்கும் தெரியாது. எனினும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர்கள் அவர்களை அறிந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு அவ்வழி பிடித்துப்போயிற்று. தாம் எழுதிய முதல் பக்கத்திலிருந்து ஆளுக்கொரு தொடரை எடுத்து ‘ஆர்’ விகுதி சேர்த்துக்கொண்டார்கள். நனைந்த செருப்பார் தோன்றினார். மூன்றாம் தோசையார் தோன்றினார். தாமத வண்டியார் இரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதை எவரும் ஊகிக்கலாம். ஆயினும் நாட்டில் இரயில்வேக்காரர் வீடுகள் எத்தனையோ இருப்பதால் அப்பெயர் அனுமதிக்கப்பட்டது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அப்பத்தா வீட்டுக் கிணற்றில் வாளிக்கயிறு ஓடும்போது எழும் ஓசையை எழுதியிருந்தாள். அவள் கிறீச்சுக் கப்பியார் ஆனாள்.

வலைப்பூவின் முதல் இதழுக்கு அவள் எழுதிய முழுக் கட்டுரைதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கமாயிற்று.

கட்டுரை அப்பத்தாவைப் பற்றியது. தாத்தா இறந்தபின் வைகைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் அவர் தனியே வாழ்கிறார். ஊரின் பெயர் இருந்தது. எந்தக் கோயிலுக்கு எதிர்த்தெரு, எத்தனையாவது வீடு என்பது இருந்தது. அவர் காலையில் எத்தனை மணிக்குத் தோட்டத்துக்குப் போவார், எப்போது திரும்புவார் என்பது இருந்தது. போகும்போது வீட்டுச் சாவியை எங்கே வைப்பார் என்பதும், திருமணத்தில் போட்ட சங்கிலியை எந்தப் பாத்திரத்துக்குள் வைத்திருக்கிறார் என்பதுமே அக்கட்டுரையில் மிக அழகாக எழுதப்பட்ட இடங்கள். அந்த இடங்களை இங்கும் சொல்லப்போவதில்லை. வாசல் தெரியும்படி அவள் கோடை விடுமுறையில் எடுத்த புகைப்படம் ஒன்றும் உடன் இருந்தது.

பத்துக் கட்டுரைகளில் அதுவே சிறந்தது. ஆசிரியை அதை வெளியிடாமல் நிறுத்தி வைத்தார்.

“உண்மையைத்தானே எழுதச் சொன்னீங்க மேம்?” என்று அவள் கேட்டாள். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுவே அவளுடைய வழக்கு. எழுத்துப்பிழையும் இரண்டே இரண்டுதான் என்று திருத்துபவனும் சான்று கூறினான்.

அதே வாரத்தில் மூன்றாம் தோசையார் எழுதிய கட்டுரை வெளிவந்தது. பள்ளியின் மேல்மாடிக் குடிநீர்க் குழாயில் இரண்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்பது அதன் பொருள். முதல் படியில், தொட்டியை நிரப்பும் பணியாளரின் பெயரையும் அவன் எழுதியிருந்தான். அப்பெயரை நீக்கும்படி ஆசிரியை சொன்னார். குழாயை நீக்கச் சொல்லவில்லை. இதைக் கண்ட கிறீச்சுக் கப்பியாரின் கோபம் இரு மடங்காயிற்று. அவன் பள்ளியைக் குறை கூறுகிறான், அது வெளிவருகிறது. அவள் அப்பத்தாவைப் போற்றுகிறாள், அது நிற்கிறது. இது என்ன நீதி? அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை.

செவ்வாயன்று வந்தாள், பேசவில்லை. ஆசிரியை அன்று பாடம் எதுவும் நடத்தாமல் ஸ்காட்லாந்துச் சிறுமி ஒருத்தியின் கதையைச் சொன்னார்.

அச்சிறுமியின் பெயர் மார்த்தா பெய்ன். ஒன்பது வயதில், 2012 ஏப்ரல் 30 அன்று, தந்தையின் துணையோடு ஒரு வலைப்பூவைத் தொடங்கினாள். பள்ளியில் தனக்குக் கிடைக்கும் மதிய உணவை நாள்தோறும் படம் எடுத்து, அதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாய் உணவு, விலை என்ன என்று குறிப்பெழுதினாள். உணவில் தலைமுடி கிடந்ததா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ‘வெஜ்’ என்னும் புனைபெயரையே முதலில் பயன்படுத்தினாள். சில வாரங்களில் உலகெங்கிலும் அவளுக்கு வாசகர்கள் சேர்ந்தார்கள். சமையற்கூடப் பணியாளரை வேலையிலிருந்து நீக்கிவிடலாம் என்னும் பொருளில் ஒரு நாளிதழ் தலைப்பிட்டது. அது சிறுமி எழுதிய சொல் அன்று. பணியாளர்கள் தம் வேலை போய்விடுமோ என்று அஞ்சுவதாகக் கூறி, சூன் மாதத்தின் நடுவில் அவ்வட்டார மன்றம் உணவுக்கூடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று தடை விதித்தது. எதிர்ப்பு பெருகியது. மறுநாளே தடை நீங்கியது. அவ்வலைப்பூவின் வாயிலாகத் திரண்ட நன்கொடை ஓர் இலட்சம் பவுண்டைத் தாண்டியது. மேரிஸ் மீல்ஸ் என்னும் அறநிறுவனத்தின் வழியே அது ஆப்பிரிக்க நாடான மலாவியில் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்குச் சென்றது.

மூன்றாம் தோசையார் பெருமிதத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமுடிக் கணக்கைப் பற்றி மேலும் அறிய இருவர் விரும்பினர்.

“அவளை ஏன் தடுத்தாங்க?” என்று தாமத வண்டியார் கேட்டான். பெரியவர்கள் சங்கடப்பட்டதால் என்று ஒருத்தி சொன்னாள். சமைப்பவர்கள் பாவம், அவர்கள் பயந்தது உண்மைதானே என்றான் மற்றொருவன். இரண்டும் மெய்யே. ஆனால் தட்டில் இருந்ததைச் சொன்னதால் அச்சிறுமிக்கு எந்த ஆபத்தும் நேரவில்லை. குழாய்க் கட்டுரையும் அத்தகையதே. அதனால் பெரியவர் சிலருக்கு முகம் வாடலாம், எழுதியவனுக்கோ அந்தப் பணியாளருக்கோ தீங்கில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பு என்று பெயரிட்டுப் பெரியவர்கள் தம் வசதியைக் காத்துக்கொள்வது எங்கும் நடக்கிறது. அதனால்தான் ஒரு கட்டுரையை நிறுத்துபவர், நிறுத்தியதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராகிறார்.

ஆசிரியை காரணத்தைத் தாம் சொல்லவில்லை. நிறுத்தி வைத்த கட்டுரையை அவளிடமே கொடுத்து, மூன்று முறை படிக்கச் சொன்னார். முதல் முறை அப்பத்தாவாக. இரண்டாம் முறை வகுப்புத் தோழியாக. மூன்றாம் முறை, அந்த ஊருக்கு ஒருபோதும் வந்திராத, அப்பத்தாவை அறியாத ஒருவராக.

முதல் இரண்டு முறையும் அவள் முகத்தில் மாற்றமில்லை. மூன்றாம் முறை பாதியில் நிறுத்திவிட்டாள். சிறிது நேரம் கழித்து, “ஆனா நம்ம வலைப்பூவுக்குத்தான் பூட்டு இருக்கே” என்று மெல்லக் கேட்டாள். அதற்கு விடை சொன்னவன், தந்தை கையெழுத்திட மறுத்த அந்த மாணவன். தன் சித்தி அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைத் தன் தந்தை திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதையும், அது மூன்றே நாளில் முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து தங்களுக்கே திரும்பி வந்ததையும் சொன்னான். அன்புடன் பகிர்பவரைப் பூட்டால் தடுக்க முடியாது. புகைப்படத்தைப் பற்றி ஆசிரியை ஒன்று சேர்த்தார்: திறன்பேசியின் அமைப்பைப் பொறுத்து, படக்கோப்பினுள் எடுத்த நாளும் நேரமும் மட்டுமன்றி, எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்கூடப் பதிந்திருக்கக்கூடும். ஊர்ப்பெயரை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் போட்டாலும் படம் ஊரைச் சொல்லிவிடும்.

அவள் கட்டுரையை வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். ஊர்ப்பெயரை அடித்தாள். தெருவை, வீட்டை, நேரத்தை, சங்கிலியை, சாவியை அடித்தாள். மிஞ்சியது ஆறு வரி. “எல்லாமே போயிடுச்சு” என்று வெள்ளிக்கிழமை தாளை நீட்டினாள். அழவில்லை, அழுகையை விட அது கடுமையாயிருந்தது.

அன்று தொல்காப்பியம் வகுப்புக்குள் வந்தது. அன்பின் வழிப்பட்ட வாழ்வைப் பாடும் அகப்பாடல்களில், தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டிப் பாடக் கூடாது என்பது அந்நூல் கூறும் மரபு. அதனால் புலவர்களின் கை கட்டப்பட்டுவிட்டதா? பெயருக்கு மாற்றாக அவர்கள் மலையைப் பாடினார்கள், கடலைப் பாடினார்கள், மழை வரும் நேரத்தைப் பாடினார்கள். பெயர் சொன்னால் ஒருத்தியின் வீட்டுச் செய்தி. சொல்லாதபோது படிப்பவர் ஒவ்வொருவரும் தம் வீட்டை அங்கே காண்கிறார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத் தொல்காப்பியர் இதை வகுக்கவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் அவளுக்கு அது ஒரு வழியைத் திறந்தது.

“ஊர்ப்பெயர் தெரியாத ஒருத்திக்கு உங்க ஊரை எப்படிக் காட்டுவே?” என்று மட்டும் ஆசிரியை கேட்டார்.

இரண்டாம் படி இரண்டு வாரத்தில் வந்தது. முதலாவதைக் காட்டிலும் நீளமாயிருந்தது. இரயிலிலிருந்து இறங்கியதும் காற்றின் மணம் மாறுவதில் தொடங்கியது. கருவேல முட்களுக்கு நடுவே மண்பாதை. கிணற்றின் கப்பி எண்ணெய் கேட்டுக் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட்டால் ஓசை நின்றுவிடும் என்பதற்காகவே அப்பத்தா அதற்கு எண்ணெய் விடுவதில்லை. தாத்தா நீர் இறைத்த காலத்தில் இருந்த ஓசை அது. இந்தச் செய்தி முதல் படியில் இல்லை. சாவியும் சங்கிலியும் நிறைந்திருந்த இடத்தில் அதற்கு இடமில்லாமல் போயிருந்தது. எண்ணெய் விடாத காரணத்தை அவள் கோடையில் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறாள். எழுதத் தக்கது என்று அப்போது தோன்றவில்லை. புகைப்படத்துக்குப் பதிலாகக் கிணற்றை அவளே வரைந்தாள். கிணற்றின் வாய் வட்டமாக வராமல் சற்றே கோணலாக இருந்தது, அப்படியே வெளியிட்டார்கள்.

‘அப்பத்தா’ என்ற சொல்லே எந்த வட்டாரம் என்று காட்டிக்கொடுக்காதா என்று திருத்துபவன் ஐயம் எழுப்பினான். வகுப்பு கூடி ஆலோசித்தது. அச்சொல்லை வழங்கும் ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். மேலும் அதை எடுத்துவிட்டுப் ‘பாட்டி’ என்று எழுதினால் அது வேறு யாரோ ஆகிவிடுவார். அப்பத்தா அப்பத்தாவாகவே நின்றார்.

இடையில் மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கிற்று. அதற்குக் கட்டுரை காரணமா, கோடை முடிந்தது காரணமா என்பதில் வகுப்பு இன்றும் இரு கட்சியாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து சித்தப்பா ஊருக்குப் போனார். கடவுச்சொல்லைப் பள்ளியிலிருந்து பெற்றிருந்தவர் அவர். தம் திறன்பேசியில் வலைப்பூவைத் திறந்து அப்பத்தாவின் கையில் கொடுத்தார். அப்பத்தா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டி, வாய்விட்டே படித்தார். எழுதியவர் பெயர் கிறீச்சுக் கப்பியார் என்று இருந்தது. ஊர்ப்பெயர் எங்கும் இல்லை. கப்பியின் ஓசை வரும் இடம் வரை படித்துவிட்டுத் திறன்பேசியை மடியில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை என்று சித்தப்பா பிறகு சொன்னார்.

மாலையில் பேத்திக்கு அழைப்பு வந்தது.

“ஏந் தாயி, நம்ம கெணறுதான அது?”

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு அப்பத்தா? நான்தான் பேரே போடலையே!”

“எங்க கெணத்துச் சத்தம் எனக்குத் தெரியாதாக்கும்.” சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், “எல்லாம் எழுதியிருக்க. சாவி வைக்கிற எடத்தை மட்டும் விட்டுட்டியே தாயி. மறந்து போச்சா?”

“மறக்கல அப்பத்தா” என்றாள் அவள். “அது நமக்குள்ள இருக்கட்டும்.”